ஆக்ஸலாட்டில் டேங்க் அடியில் என்ன போடலாம்? கடையில் கொடுத்த கிராவலை எடுத்துடணுமா?

நீர்ப்பல்லி (கேள்வி)

வணக்கம். ஆக்ஸலாட்டில் (செவுளோட தண்ணியிலேயே வாழுற ஒரு சாலமாண்டர்) வளர்க்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. ஊர் சென்னை.

டேங்க் 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம், 8 மி.மீ. கண்ணாடி. டேங்குக்கு வெளியே வெக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் ஓடுது, தண்ணியைக் குளிர வெக்கிற சில்லர் 18 டிகிரியில இருக்கு. சைக்கிள் (கழிவோட அமோனியாவை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா வளர்றது) முடிஞ்ச டேங்க்: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பி.பி.எம். உள்ள இருக்கிறது ஒரே ஒரு லூசிஸ்டிக் (வெளிர் உடம்பு, கருப்புக் கண் உள்ள ரகம்), மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் 13 செ.மீ.

அடியில இருக்கிறது கலர் கிராவல், 3 முதல் 6 மி.மீ. சைஸ், ஒன்றரை அங்குல உயரத்துக்கு. மீன் டேங்குக்கு எல்லாரும் போடுறதுதான், ஒண்ணும் ஆகாதுன்னு கடையில சொல்லிக் கொடுத்தது. இப்ப படிச்சுப் பார்த்தா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கிராவலை எடுக்கத்தான் வேணுமா? எடுத்தா பதிலுக்கு என்ன? கைவசம் இருக்கிறது: வீடு கட்டினப்ப மிஞ்சின ஆற்று மணலும் எம்-சாண்டும், கொஞ்சம் கடப்பா கல், நாலஞ்சு பார்க்கிங் டைல். வெள்ளை கோரல் சாண்டும் கடையில கிடைக்குது. வெறும் கண்ணாடியா விட்டா நல்லதுன்னும் ஒரு கட்சி இருக்கு. இன்னொண்ணு, கிராவலை அள்ளினா சைக்கிள் உடைஞ்சிடுமோன்னு பயம்.

---

கொளத்தூர்வாசி

எடுத்துடுங்க. இதுல யோசிக்க ஒண்ணும் இல்லை.

மீனுக்குப் போடுறதுதானேங்கிற வாதம் ஏன் செல்லாதுன்னா, இது மீன் மாதிரி சாப்பிடுறதில்லை. கோல்ட்ஃபிஷ் கல்லை வாயில எடுத்து, சலிச்சு, வெளியே துப்பிடும். ஆக்ஸலாட்டில் வாயைத் திறக்கிற அதே நொடியில தொண்டையின் அடிப்பக்கத்தைக் கீழே இறக்கும். வாய்க்குள்ள வெற்றிடம் உண்டாகி, முன்னால இருக்கிற தண்ணி மொத்தமும் உள்ள பாயும். புழுவும் அதோட வரும், புழுவைச் சுத்தி இருக்கிற கல்லும் வரும். பல்லு இருக்கு, ஆனா அது வழுக்காம பிடிச்சுக்கத்தான், மெல்ல இல்லை. கண்பார்வையும் சுமார். வாசனையையும் தண்ணியோட அசைவையும் வெச்சுத்தான் குறி பார்க்கும். புழு தரையில விழுந்து நெளியும்போது கவனிச்சுப் பாருங்க: தலையைச் சட்டுன்னு பக்கவாட்டுல திருப்பி ஒரே இழுப்பு. அந்த இழுப்புல பக்கத்துல கிடக்கிற நாலு கல்லு இடம் மாறியிருக்கும், அல்லது காணாமப் போயிருக்கும்.

அளவை மூணாப் பிரிச்சுப் பாருங்க. 1 மி.மீ.க்குக் கீழ உள்ள மணல் முழுங்கினாலும் கழிவோட வெளியே போயிடும். 1 மி.மீ. முதல் அதோட தலை அளவு வரை உள்ளது எல்லாம் ஆபத்து. தலையைவிடப் பெருசா இருந்தா வாய்க்குள்ளேயே போகாது. உங்க 3-6 மி.மீ. கிராவல் சரியா நடுவுல மாட்டுது: வாய்க்குள்ள சுலபமா போகும், குடல் வழியா வெளியே வர்றதுக்குள்ள அடைச்சுக்கும்.

பெரிய கூழாங்கல் போடுறதா இருந்தா இப்ப இருக்கிற தலையை வெச்சு அளக்காதீங்க. முழு வளர்ச்சியில தலை 4-5 செ.மீ. அகலம் வரும், அதனால 6 செ.மீ.க்கு மேல உள்ள கல்லா எடுங்க. தரை முழுக்க அடுக்கவும் வேணாம். கல் இடுக்குல கழிவும் பாதி கடிச்ச புழுவும் போய் உக்காந்து அமோனியா ஏறும். அழகுக்கு மூணு நாலு கல் போதும்.

இன்னும் ஒண்ணு: 15 செ.மீ. தாண்டாத குட்டிக்கு நைஸ் மணலும் வேணாம். அந்த வயசுல அடிக்கடி சாப்பிடும், அசையுறது எல்லாத்தையும் கவ்வும், குடலும் சின்னது. உங்களுது 13 செ.மீ., அதனால இப்போதைக்கு டைல் அல்லது வெறும் தரைதான். மணல் வேணுமாங்கிறதை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

---

சல்லடை

மணலைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். நைஸ் மணல் போடுங்கன்னு பொத்தாம் பொதுவா சொல்லிட்டுப் போறதுலதான் பாதிப் பேர் தப்பான மூட்டையை வாங்கிட்டு வர்றாங்க. நீர்ப்பல்லி, உங்க கையில இருக்கிற ரெண்டையும் முதல்ல பார்த்துடுவோம்.

எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். கருங்கல்லை கிரஷர்ல உடைச்சு எடுக்கிறது. ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாள்ல போட்டு போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க. ஒவ்வொரு மணியும் முனை முனையாத் தெரியும். செதில் இல்லாத தோலுக்கும் அந்த இறகு மாதிரி செவுளுக்கும் அது ஆகாது. கூடவே கல் மாவு நிறைய. உடைச்ச கல் மணல்ல 150 மைக்ரானுக்குக் (1000 மைக்ரான் ஒரு மி.மீ.) கீழ உள்ள தூள் 20 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு கட்டுமான மணலுக்கான ஐ.எஸ். 383 தரநிலையே அனுமதிக்குது. எவ்வளவு கழுவினாலும் தண்ணி பால் மாதிரிதான் நிக்கும். பூச்சு வேலைக்கு வர்ற பி-சாண்ட் கைக்கு நைஸா இருக்கேன்னு ஏமாறாதீங்க, அதுவும் அதே உடைச்ச கல்தான்.

ஆற்று மணல் நல்ல பொருள். தண்ணியில உருண்டு வந்ததால மணி உருண்டையா இருக்கும், பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணியை ஒண்ணும் பண்ணாது. பிரச்சனை அளவுலதான். கட்டுமானத்துக்கு வர்ற ரெண்டாம் மண்டல மணல்ல (மண்டலம்னா அதே தரநிலை மணி அளவை வெச்சுப் பிரிக்கிற ரகம்) 600 மைக்ரான் சல்லடையில இறங்குறது 35 முதல் 59 சதவீதம் மட்டுமே. மிச்சம் அதைவிடப் பெருசு, 4.75 மி.மீ.க்கு மேல உள்ள கல்லே 10 சதவீதம் வரை இருக்கலாம். அப்படியே கொட்டினா மணலோட பேர்ல கிராவல் போட்ட மாதிரிதான். சலிச்சே ஆகணும்.

சிவில் லேப்ல வேலை பார்க்கிற ஆள் தெரிஞ்சா 600 மைக்ரான், 300 மைக்ரான் சல்லடை ரெண்டும் கேளுங்க. 600-ல இறங்கி 300-ல நிக்கிறது உங்களுக்கு வேண்டிய மணல். 300-லயும் இறங்குற தூளை விட்டுடுங்க, அது ஃபில்டருக்குள்ள போகும். லேப் சல்லடை கிடைக்கலைன்னா மைதா சலிக்கிற சல்லடை. வாங்கும்போது ஸ்கேலை வெச்சுக் கண்ணியை எண்ணுங்க: ஒரு செ.மீ.க்கு 12 கண்ணிக்குக் குறையக் கூடாது. ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை ஆகாது, அதோட கண் 1 மி.மீ.க்கு மேல.

சலிக்கப் பொறுமை இல்லைன்னா தண்ணி சுத்திகரிப்பு சாமான் விக்கிற கடையில சாண்ட் ஃபில்டருக்கான சிலிக்கா மணல் கிடைக்கும். இங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. சும்மா ஃபில்டர் மணல்னு கேட்டா 16/30 மெஷ்தான் (மெஷ்னா சல்லடைக் கண்ணி எண்) கட்டிக் கொடுப்பாங்க. அது 1.18 முதல் 0.6 மி.மீ., நமக்குப் பெருசு. 30/60 மெஷ்னு கேட்டு வாங்குங்க, அது 0.6 முதல் 0.25 மி.மீ. மூட்டையைப் பிரிச்சுக் கையில அள்ளி, நனைச்சு, இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க. குத்தினா உடைச்ச குவார்ட்ஸ், திருப்பிக் கொடுத்துடுங்க. வார்ப்படப் பட்டறை மணல் மலிவாக் கிடைச்சாலும் தொடாதீங்க, ரெசின் பூசினது கலந்திருக்கும். சிலிக்கா மணலைக் காய்ஞ்ச நிலையில சலிக்கவோ கொட்டவோ வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைச்சுட்டே வேலை செய்யுங்க.

கடற்கரை மணல்: உப்பைக் கழுவிடலாம், கிளிஞ்சல் துண்டை என்ன பண்ணுவீங்க? தென் மாவட்டக் கடற்கரைன்னா கார்னெட், இல்மனைட்ங்கிற கனிமங்களும் வேற சேர்ந்திருக்கும். கார்னெட்டை இரும்புல துரு சுரண்டப் பீச்சி அடிக்கிறாங்க, அதை டேங்குல போடுறதுக்கு எம்-சாண்டே தேவலாம். எந்த மணலா இருந்தாலும் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு தடவை ஓட்டிடுங்க. ஒட்டுற கருமணல் பம்போட ரோட்டர்ல போய் அப்பிக்கும்.

கோரல் சாண்டுக்கு வருவோம், பவளம் உடைஞ்ச சுண்ணாம்பு மணல் அது. வினிகர் ஊத்தி நுரை வந்தா அந்த மணல் ஆகாதுங்கிற விதி மீன்காரங்களோடது. ஆக்ஸலாட்டிலுக்கு 7-14 ஜி.எச். (கடினத்தன்மை அளவு) உள்ள கடினத் தண்ணியும் 7.4-7.6 பி.எச்.சும்தான் பிடிக்கும், 8 வரைக்கும் தாங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் கரையுறது அதுக்குக் குத்தம் இல்லை. (வெறும் ஆர்.ஓ. தண்ணியில வெக்கிறதுதான் தப்பு.) கோரல் சாண்டை வேணாம்னு நான் சொல்றது வேற காரணத்துக்கு: கடையில வர்றது பெரும்பாலும் 1-3 மி.மீ., மணி கரடுமுரடு. போதாததுக்கு, ஆக்ஸலாட்டிலுக்குக் கண் இமை கிடையாது. வெள்ளைத் தரையில லைட் பட்டுத் திரும்பினா நாள் பூரா ஒளிஞ்சுதான் கிடக்கும்.

அளவு: உங்க டேங்கோட உள்ளளவு சுமார் 89.8 x 44.1 செ.மீ. வரும். 1.5 செ.மீ. உயரத்துக்கு 6 லிட்டர் மணல், எடையில 9-10 கிலோ. கழுவும்போது போறதையும் சேர்த்து 12 கிலோ வாங்குங்க. 2 செ.மீ.க்கு மேல போடாதீங்க. ஆழமானா அடியில ஆக்ஸிஜன் போகாது, கருப்புத் திட்டு விழும், கிளறினா அழுகின முட்டை நாத்தம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷம். வாரம் ஒரு தடவை மரக் குச்சியால மேலாகக் கிளறி விட்டா அந்த நிலை வராது. மணலைக் கிளற டிரம்பெட் நத்தை விடுங்கன்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. அந்த ஓடும் முழுங்குற சைஸ்தான்.

---

ஈரவிரல்

சல்லடை சொன்னதுல தப்பு எதுவும் இல்லை, ஆனா மணலே வேணுமாங்கிறதுல நான் வேற கட்சி.

சில்லர் ஓடுற வரைக்கும் 18 டிகிரி. மே மாசம் நாலு மணி நேரம் கரண்ட் போச்சுன்னா தண்ணி சூடேற ஆரம்பிச்சுடும். அப்ப மணல்ல புதைஞ்சு கிடக்கிற அரைப்புழு வழக்கத்தைவிட வேகமா அழுகும், கண்ணுக்கும் தெரியாது. 24 டிகிரி தாண்டின ஆக்ஸலாட்டில் ஏற்கெனவே தவிச்சிட்டிருக்கும், அமோனியாவும் சேர்ந்தா தாங்காது. டைல் தரையில கழிவு எங்க கிடக்குன்னு பளிச்சுன்னு தெரியும். 50 மி.லி. சிரிஞ்சு முனையில ஒரு அடி ஏர் டியூப் மாட்டி உறிஞ்சினா வேலை முடிஞ்சது.

அதுக்காக வெறும் கண்ணாடியா விடுறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். விரலுக்குப் பிடி கிடைக்காம வழுக்கிட்டே இருக்கும். காலை ஊன்றி நடக்க வேண்டிய பிராணி எந்நேரமும் வாலை ஆட்டி நீந்திட்டே இருந்தா அது உற்சாகம் இல்லை, நிக்க முடியாத அவஸ்தை. இன்னைக்கே கிராவலை எடுத்துட்டு ரெண்டு வாரம் வெறும் கண்ணாடியில வெக்கிறீங்கன்னா, வெளிப்பக்கம் அடியில கருப்பு சார்ட் பேப்பரைச் செருகுங்க. கீழேயிருந்து வர்ற பிரதிபலிப்பாவது குறையும்.

எந்த டைல்? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: டைலை நனைச்சு, முழங்கையின் உள்பக்கத் தோலை அதுல தேய்ங்க. வழுக்கக் கூடாது, கோடும் விழக் கூடாது.

பார்க்கிங் டைல்ல மேட் ஃபினிஷ் நல்லா இருக்கும். ஆனா பூ, கட்டம்னு ஆழமா அச்சு இருக்கிற டிசைன் வேணாம், பள்ளத்துல கழிவு தங்கும். உங்ககிட்ட இருக்கிறது எந்த டிசைன்?

கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான். மேல சொன்ன காரணத்தால அது பிரச்சனை இல்லை. பாலிஷ் போடாத சொரசொரப்புப் பக்கம் மேல வரணும். எண்ணெய் அல்லது மெழுகு பாலிஷ் ஏத்தின கல்லா இருந்தா விட்டுடுங்க. வெட்டின விளிம்பை உப்புத் தாள் போட்டு மழுக்கணும்.

மொட்டை மாடியில பதிக்கிற சுட்ட களிமண் தட்டோடு மலிவு, பிடிமானம் அருமை, நுண்ணுயிரும் நல்லா ஒட்டும். மூணு நாள் ஊற வெச்சு, உதிர்ற ஓரத்தைத் தேய்ச்சுட்டுப் போடுங்க. புதுசு மட்டும், மாடியில இருந்து பேர்த்தெடுத்ததுல சிமெண்டும் ரசாயனமும் இருக்கும்.

ஆத்தங்குடி டைல் பார்க்க அழகு, ஆனா அது சிமெண்ட் டைல். தண்ணியில சுண்ணாம்பு கசிஞ்சு பி.எச். எகிறும். கடப்பா மெதுவாக் கரையுறதும் சிமெண்ட் கசியுறதும் ஒண்ணு இல்லை.

செடி ஆசைக்கு அக்வா சாயில் (டேங்க் செடிக்கான மண் உருண்டை) மட்டும் போட்டுடாதீங்க. உருண்டை 2-4 மி.மீ., முழுங்குறதுக்குன்னே செஞ்ச அளவு. புதுசுல அமோனியா விடும், பி.எச்.சையும் இறக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் மண்ணே கேக்காது, கட்டையில நூலால கட்டி விட்டாப் போதும்.

---

சல்லடை

ஈரவிரல், 18 செ.மீ. தாண்டின பிராணிக்கு மணல் தர்ற பிடிமானத்தை டைல் தராது, தோண்டிப் படுக்கிற சுகமும் கிடையாது. அதோட சொந்த இடமான மெக்ஸிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்த் தரையே சேறும் வண்டலும்தான், கல்லு இல்லை. கழிவு தெரியணும்ங்கிறது நியாயம். அதுக்கு நடுவழி இருக்கு: சாப்பாடு போடுற மூலையில ஒரு 30 x 30 டைல், மிச்ச இடத்துல மணல். புழுவை இடுக்கியில பிடிச்சு டைல் மேல மட்டும் கொடுத்தா மணல் வாய்க்குள்ள போறதே குறையும்.

---

நீர்ப்பல்லி

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு டைல்னு முடிவு பண்ணிட்டேன். பார்க்கிங் டைல் பிளெய்ன் மேட்தான், 30 x 30 செ.மீ. வளர்ந்ததும் சல்லடை அண்ணன் சொன்ன நடுவழி.

ரெண்டு சந்தேகம். ஏற்கெனவே கல்லை முழுங்கியிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? டைலைச் சும்மா வெச்சாப் போதுமா, ஒட்டணுமா? ஒட்டணும்னா டேங்கைக் காய வெக்கணுமே, அதுவரைக்கும் இதை எங்க வெக்கிறது?

---

கொளத்தூர்வாசி

கல் விஷயத்துக்குப் பதில் நான் சொல்றேன், டைலை ஈரவிரல் பார்த்துக்கட்டும்.

அடைப்பு இருந்தா தெரியுற அறிகுறிகள்: சாப்பாட்டை மறுக்கும், அல்லது முழுங்கிட்டுக் கொஞ்ச நேரத்துல வெளியே தள்ளும். வயிறு ஒரு பக்கம் புடைக்கும் அல்லது கெட்டியாத் தெரியும். வால் மேல தூக்கிட்டு மிதக்கும், கீழே இறங்கப் பார்த்தும் முடியாது. ஒரு வாரமாக் கழிவே இருக்காது. இதுல ஒண்ணை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க, காத்து முழுங்கினாலும் சும்மா மிதக்கும். ரெண்டு மூணு சேர்ந்து வந்தா எக்ஸ்-ரே எடுத்துடணும். கல்லு எக்ஸ்-ரேயில தெளிவா வெள்ளையாத் தெரியும், ஊகமே வேணாம். சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில முதல்ல விசாரிங்க. கொண்டு போகும்போது தெர்மோகோல் பெட்டிக்குள்ள, டேங்க் தண்ணி நிரப்பின பையில. ஐஸ் பாட்டில் பைக்கு வெளியே துணி சுத்தி இருக்கணும், தண்ணிக்குள்ள இல்லை.

அறிகுறி இல்லைன்னா பயப்படாதீங்க. ஒண்ணு ரெண்டு கல் போயிருந்தா தானாவே வெளியே தள்ளவும் செய்யும். வயித்தை அமுக்காதீங்க, எண்ணெய் கொடுக்காதீங்க, உப்புக் குளியல் இதுக்கு மருந்தே இல்லை. ஃபிரிட்ஜ்ல 5-8 டிகிரியில வெச்சாக் கல் வெளியே வந்துடும்னு ஒரு கைவைத்தியம் சுத்திட்டிருக்கு. குளிர்ல செரிமானமே மந்தமாயிடும். 13 செ.மீ. குட்டியை டாக்டர் சொல்லாம அந்த வேலைக்கு உட்படுத்தாதீங்க.

எங்க வெக்கிறதுங்கிற கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. 60 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒண்ணு வாங்குங்க, சோப்பு படாதது. கேனிஸ்டரையும் சில்லரையும் பைப்போட கழட்டி அப்படியே டப்புக்கு மாத்திடுங்க. நல்ல பாக்டீரியாவுல பெரும் பங்கு ஃபில்டருக்குள்ள அடைச்சிருக்கிற மீடியாவுலதான் (ஸ்பாஞ்ச் மாதிரி பொருள்) குடியிருக்கு. அது நிக்காம ஓடினா சைக்கிள் உங்க கூடவே வந்துடும். வெளியேத்தத்தை டப் சுவரைப் பார்த்துத் திருப்பி, முனையில ஸ்பாஞ்ச் மாட்டுங்க, வேகமான ஓட்டம் இதுக்கு ஆகாது. உறிஞ்சுற முனையிலயும் ஸ்பாஞ்ச். மேல வலை மூடி அவசியம், குதிக்கும்.

டப்புல நாலஞ்சு நாள் இருக்கப் போகுது. தரை வெறுமையா இருக்கிறதால கழிவையும், வெளியே வர்ற கல்லையும் எண்ணிடலாம். சாப்பாடு பாதி அளவு போதும், மண்புழுவைத் துண்டாக் கொடுங்க.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம்: அழியும் அபாயத்துல உள்ள உயிரினங்களோட பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைட்ஸ் ஒப்பந்தத்தின் 2-ம் பின்னிணைப்புல ஆக்ஸலாட்டில் இருக்கு. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கு அப்புறம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும். பண்ணலைன்னா அதையும் பார்த்துடுங்க.

---

ஈரவிரல்

கிராவல் எடுக்கிறதுல ஒரே விதி: பிராணி உள்ள இருக்கும்போது கிளறக் கூடாது. ஒன்றரை அங்குல கிராவலுக்கு அடியில தேங்கியிருக்கிற சகதி மொத்தமும் ஒரே நேரத்துல எழும்பும்.

மேல்தண்ணி தெளிவா இருக்கும்போதே அதை டியூப் போட்டு டப்புக்கு எடுத்துக்குங்க. பிராணியை மென்மையான வலையில இல்லாம, தண்ணியோட சேர்த்து ஒரு டப்பாவுல மொண்டு மாத்துங்க, வலையில செவுள் மாட்டும். ஃபில்டரும் சில்லரும் டப்புல ஓட ஆரம்பிச்ச அப்புறம் கிராவலை முறத்தாலயோ பிளாஸ்டிக் கிண்ணத்தாலயோ அள்ளுங்க. உங்க டேங்குல சுமார் 15 லிட்டர், 24 கிலோ இருக்கும். கல் இருக்கும்போது டேங்கைத் தூக்கிடாதீங்க, அடிக்கண்ணாடி விட்டுடும். கடைசியில மிஞ்சின கல்லைக் கையால துழாவி எடுங்க, மூலை சிலிக்கானை ஒட்டி ரெண்டு மூணு கண்டிப்பா ஒளிஞ்சிருக்கும்.

டைலை ஒட்டத்தான் வேணும். சும்மா வெச்சா அடியில கழிவு புகுந்து அழுகும், டைலைக் கிளப்பின அன்னைக்கு அதே நாத்தம். இன்னொண்ணு, ஓரம் லேசாத் தூக்கியிருந்தா விரலை விட்டு மாட்டிக்கும்.

அளவுல ஒரு பொறி இருக்கு. மூணு 30 செ.மீ. டைல் சேர்த்தா 90 செ.மீ. உங்க உள்ளளவு 89.8. ரெண்டு மி.மீ.ல உக்காராது, அடிச்சு உக்கார வெச்சா கண்ணாடி போகும். சுத்தி 3 மி.மீ., டைலுக்கு நடுவுல 2 மி.மீ. இடைவெளி விட்டா, நீளவாக்குல ஒவ்வொண்ணும் 29.6 செ.மீ. அகலவாக்குல ஒரு வரிசை 29.6, அடுத்த வரிசை 13.7. ஆக 29.6 x 29.6 மூணு, 29.6 x 13.7 மூணு. வெட்டுறதுக்கு முன்னாடி உங்க டேங்கை நீங்களே உள்பக்கம் அளந்துடுங்க, கண்ணாடி ஒட்டின விதத்தைப் பொறுத்து மாறும். வெட்டின பக்கம் சுவரோரம் வரட்டும், ஃபேக்டரி ஓரம் நடுவுல.

சிலிக்கான் வினிகர் வாசனை அடிக்கிற அசெடிக் வகை, கலப்பில்லாதது. பாத்ரூமுக்குன்னும் பூஞ்சை பிடிக்காதுன்னும் எழுதியிருந்தா வேணாம், அதுல பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அடியில பூரா அப்பாதீங்க. சிலிக்கான் காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும், டைலுக்கு நடு அடியில காத்தே போகாது, வாரக்கணக்குல பச்சையாவே இருக்கும். ஒவ்வொரு டைலுக்கும் அடியில நாலு மூலையில மெல்லிசா ஒரு பொட்டு, அப்புறம் இடைவெளியிலயும் சுவரோரத்துலயும் கோடு இழுத்து ஈர விரலால அழுத்தி மூடுங்க. கண்ணாடி முழுக்கக் காய்ஞ்சு, ஒரு மணல் துகள்கூட இல்லாம இருக்கணும். டைலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு கல் மாட்டினா பாரம் மொத்தமும் அந்தப் புள்ளியில இறங்கும். மூணு நாள் ஃபேன் காத்துல விடுங்க. வினிகர் வாசனை முழுசாப் போனதும் ஒரு தடவை தண்ணி நிரப்பி, ஒரு நாள் வெச்சு, கொட்டிட்டு, குளோரின் நீக்கின தண்ணியில மறுபடி நிரப்புங்க. 18 டிகிரிக்கு வந்ததுக்கு அப்புறம்தான் பிராணியை மாத்தணும்.

கிராவலோட கொஞ்சம் பாக்டீரியாவும் போயிருக்கும், அதனால முதல் பத்து நாள் தினம் அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்க. 0.25 காட்டினா அன்னைக்கே பாதித் தண்ணி மாத்துங்க. தரையில கல்லு இல்லாததால ஒளியறதுக்குப் போடுற 4 அங்குல பி.வி.சி. பைப் உருளும். அடியில ரெண்டு பொட்டு சிலிக்கான் வெச்சு ஒரு துண்டு டைல்ல ஒட்டிடுங்க, வெட்டின வாயை உப்புத் தாளால மழுக்கிட்டு.

---

நீர்ப்பல்லி

தெளிவாயிடுச்சு. டேங்க் உள்ளளவு 89.6 வருது, அதனால 29.5-ஆ வெட்டச் சொல்லிடறேன். டைல் மேல இருக்கிற மெழுகு மாதிரி படலத்தை எதுல எடுக்கிறது? சோப்பு போடலாமா?

---

ஈரவிரல்

சோப்பு வேணாம், சுட்ட டைல் உறிஞ்சி வெச்சுக்கும். கொதிக்கிற தண்ணியை ஊத்தி நார் போட்டுத் தேய்ங்க, ரெண்டு தடவை. போகலைன்னா வினிகர் தடவி பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்க. கடப்பா கல்லுக்கு வினிகர் வேணாம், அரிச்சுடும்.